எண்பது ஈய வில்லைகள்

எங்கள் வீட்டுப் பின்னறையில் தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் பிசிறு கிடைக்காது. தையல்காரர் வீட்டில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. முன்னறையில் இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, கூரை வரை துணிக்கட்டு. காற்றிலேயே பஞ்சு பறக்கும். தட்டில் நூல் கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிற குடும்பம் நாங்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு அறையைப் பளிங்கு மாதிரி வைத்திருக்கிறேன் என்றால் சும்மாவா? ஆஸ்பத்திரியிலிருந்து பார்வையிட வந்த நர்ஸ் ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். விரல் வெறுமையாக வந்தது. "அக்கா, எங்க வார்டே இப்படி இருக்காது" என்றாள். அன்றைக்கு முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

என் வீட்டுக்காரரைத் தெருவே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கட்டிங் மாஸ்டர். வாசலில் ஆள் வந்து நிற்கும்போதே இடுப்பு முப்பத்தாறு, தோள் பதினெட்டு என்று சொல்லிவிடுவார். அப்புறம் டேப்பை எடுப்பதெல்லாம் வந்தவரின் மனத் திருப்திக்கு. அவர் வெட்டுவார், நான் தைப்பேன். இருபத்தாறு வருடமாக இதுதான் ஏற்பாடு, சண்டையும் சேர்த்து.

போன வருடக் கடைசியில் அவருக்குப் படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. லேசாக இடித்துக்கொண்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றியது. பரிசோதித்துவிட்டு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுகிற இடத்திலேயே கோளாறாம். மருந்து இருக்கிறது, நாலு வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்து ஏழு நாள் வயிற்றுத் தோலுக்கு அடியில் இரண்டு ஊசி போட வேண்டும் என்றார்கள்.

முதல் ஏழு நாளும் வார்டில்தான் கழிந்தது. பதினாலாம் நம்பர் கட்டில். "பதினாலுக்கு மாத்திரை குடுத்தாச்சா?", "பதினாலு பாத்ரூம் போயிருக்கு." தெருவில் நடந்தால் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்கிற மனிதர் அங்கே ஒரு எண்ணாகக் கிடந்தார். ஊசி போட ஐந்து நிமிடம், மீதி நாளெல்லாம் கூரையைப் பார்க்க வேண்டியதுதான். எட்டாம் நாள் வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று சொன்னார்.

"இங்க பாரு. திரும்ப அந்தக் கட்டில்ல படுக்கச் சொன்னா, மருந்தே வேணாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துடுவேன். அப்புறம் அழாத."

விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை அவர். ஒரு முறை, வெட்டியது தவறு என்று சொன்ன பெரிய வாடிக்கையாளரை வாசலோடு அனுப்பிவிட்டு, அந்தப் பக்கமே பதினோரு வருடம் திரும்பிப் பார்க்காதவர்.

நல்ல நேரம், அந்த மாதம்தான் டாக்டரம்மா ஒரு புதுத் திட்டம் தொடங்கினார். "ஊசி போட அஞ்சு நிமிஷம், அதுக்கு எதுக்கு ஏழு நாள் கட்டில்? வீட்டுக்கே வந்து போடறோம். ஆனா வீட்டுல ஒரு ஆள் எங்களுக்குக் கண்ணா இருக்கணும்" என்றார். நான் கையைத் தூக்கினேன். மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். காய்ச்சல் எத்தனை டிகிரி வந்தால் போன் செய்ய வேண்டும், மருந்து சிந்தினால் எந்தப் பையை எடுக்க வேண்டும், ஊசி போட்ட இரண்டு நாளைக்கு அவர் பாத்ரூம் போனால் மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும், அவர் துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும். கடைசியில் இருபது கேள்வி. பள்ளிக்கூடத்தில் பத்தாவதைத் தாண்டாதவள் நான். பத்தொன்பது வாங்கினேன். விட்ட ஒன்றில் கேள்வியே தவறு. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

என் முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் கலந்து குளிர்பெட்டியில் வரும் ஊசிக்குழலை நர்ஸ் எடுத்து, அதில் ஒட்டியிருப்பதை உரக்கப் படிப்பாள். நான் என் கையிலிருக்கும் தாளைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 'சரி' சொல்ல வேண்டும். பெயர், சரி. பிறந்த தேதி, சரி. மருந்து, சரி. அளவு, சரி. கடைசியாக, அவள் பார்த்து எழுதிய இன்றைய எடை, சரி. ஐந்து 'சரி'யும் விழாமல் ஊசியின் மூடி திறக்காது. வார்டில் இன்னொரு நர்ஸ் நின்று செய்கிற வேலை அது. நான் ஒப்புக்குச் சப்பாணியாக நிற்கவில்லை. சீட்டிலுள்ள எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வாயைத் திறப்பேன்.

எடை எதற்கு என்றால், மருந்தின் அளவையே ஆளின் உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒவ்வொரு ஏழு நாள் சுற்றின் முதல் நாளும் நர்ஸ் எடைக்கருவியைக் கொண்டுவந்து மாஸ்டரை ஏற்றி நிறுத்துவாள். அவர்கள் கொடுத்த புத்தகத்தில் தடித்த எழுத்தில் ஒரு விதி இருந்தது: ஆரம்ப எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வீட்டு ஊசி நிறுத்தப்படும், நோயாளி வார்டுக்கு வர வேண்டும். மாஸ்டரின் ஆரம்ப எடை ஐம்பத்தெட்டு கிலோ.

நர்ஸுக்கு மாஸ்டர் 'ஐஸ்பெட்டி' என்று பெயர் வைத்தார். குளிர்பெட்டியோடு வருவதால். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. போட்ட ஊசிக்கும் போடப் போகிற ஊசிக்கும் ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும் என்று அவள் சொன்னதும், இவர் தன் டேப்பை நீட்டினார். "விரலால அளக்காதம்மா. எங்க வீட்டுல அதெல்லாம் கெட்ட பழக்கம்." சுண்ணக்கட்டியால் வயிற்றில் கோடு போட்டுத் தருகிறேன் என்றார். அவள் சிரித்துக்கொண்டே மறுத்தாள். ஊசி முடிந்த அரை மணி நேரத்தில் முன்னறைக்குப் போய் வெட்டு மேசையருகே நின்றுவிடுவார். ஒரு சட்டையாவது வெட்டுவார். அதைப் பார்க்கும்போது இந்த வீட்டைச் சுத்தம் செய்த முதுகுவலியெல்லாம் எனக்கு மறந்துபோகும்.

இப்படி இரண்டு சுற்று வீட்டிலேயே முடிந்தது. அடுத்த சுற்று தொடங்குவதற்கு முந்தைய நாள் மத்தியானம்தான் நான் அந்த டப்பாவைத் திறந்தேன்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து மேடைக்குப் பெரிய திரை தைக்க ஒப்புக்கொண்டிருந்தோம். திரை காற்றில் ஆடாமல் நேராக விழுவதற்கு அடி மடிப்புக்குள் ஈய வில்லை வைத்துத் தைப்போம். பெரிய கோட்டுப் பொத்தான் அளவு, ஒவ்வொன்றும் ஐம்பது கிராம். டப்பாவில் நூறு இருக்க வேண்டும். இருபதுதான் இருந்தது. ஈயத்தைத் திருடிக்கொண்டு போய் எவன் என்ன செய்வான்? அலமாரி, மிஷின் டிராயர், மேசைக்கு அடி எல்லாம் தேடினேன். மாஸ்டரைக் கேட்கலாம் என்றால் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பெருக்குவதற்காக நாற்காலியை நகர்த்தினேன். அதன் முதுகில் அவருடைய பஞ்சுச் சட்டை தொங்கியது. இரண்டு மாதமாகக் குளிருகிறது என்று சொல்லி, கையில்லாமல் பஞ்சு வைத்து அவரே தைத்துக்கொண்ட மேல்சட்டை. நர்ஸ் எடை பார்க்க வரும் நாளில் அதைப் போட்டுக்கொண்டுதான் இருப்பார். ரத்தம் குறைந்தவர்களுக்குக் குளிரும் என்று பயிற்சியிலும் சொல்லியிருந்தார்கள், அதனால் நான் யோசிக்கவில்லை. ஒற்றைக் கையால் எடுத்தேன். கையைச் சடாரென்று கீழே இழுத்தது.

ஜன்னலோரம் கொண்டுபோய் உள்பக்கத்தைத் திருப்பினேன். உள்துணிக்கும் பஞ்சுக்கும் நடுவில் சின்னச் சின்ன அறைகள். வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு வில்லை, மேலே வாய் தைத்து மூடியிருந்தது. எண்ணினேன். எண்பது.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. முதலில் வந்தது பெருமை. எண்பது அறை உள்ளே இருக்கிறது, வெளியே ஒரு சுருக்கம் இல்லை. எடை ஒரு பக்கம் சாயாமல் முன்னும் பின்னும் சமமாகப் பிரித்திருந்தார். மிஷின் சத்தம் கேட்டால் நான் வந்துவிடுவேன் என்று எல்லாம் கைத்தையல். டம்ளரைப் பிடித்தாலே விரல் நடுங்குகிற மனிதர், நான் கடைகண்ணிக்குப் போன நேரம் பார்த்து உட்கார்ந்து, அரிசியை வைத்து அளந்த மாதிரி தையல் போட்டிருக்கிறார். என் மனுஷன் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஆத்திரம் வந்தது.

நூல் மூன்று நிறத்தில் இருந்தது. முதல் இருபது சாம்பல், அடுத்த முப்பது கருநீலம், கடைசி முப்பது பழுப்பு. பழுப்பு நூல்கண்டு போன வாரம்தான் வீட்டுக்கு வந்தது. கணக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் போட்ட முதல் சுற்றுக்கு ஒரு கிலோ, இரண்டாவதுக்கு இரண்டரை, நாளைக்கு நாலு. அவர் இளைக்க இளைக்கச் சட்டை கனத்திருக்கிறது. ஊசி போட வசதி என்று சொல்லி எலாஸ்டிக் வைத்த கால்சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டதும் இதற்குத்தான். பழைய கால்சட்டை என்றால் இடுப்பைப் பிடிக்க என்னிடம்தானே வர வேண்டும்? ஊரார் இடுப்பையெல்லாம் அளந்து தைக்கிறவள், கட்டினவர் இடுப்பு கரைவது தெரியாமல் இருந்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் என்று அவரை மட்டும் சொல்ல முடியாது. அந்தச் சோற்றைப் பரிமாறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான்.

சட்டையை நாற்காலியிலேயே மாட்டிவிட்டேன். அவர் எழுந்து வந்து தேநீர் கேட்டார். கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார்.

"நாளைக்கு எடை பாப்பாங்க" என்றேன்.

"பாக்கட்டுமே."

"குறைஞ்சிருந்தா?"

"குறையாது."

"இல்ல, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். குறைஞ்சு, வார்டுக்கு வான்னா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வெட்டு மேசையில் கிடந்த திரைத்துணியின் ஓரத்தை நீவிவிட்டார். "அன்னைக்கே சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவேன். அதோட ஊசி முடிஞ்சுது."

அந்தச் சாயங்காலம் முழுக்க நான் திரைத்துணியை மிஷினில் ஓட்டிக்கொண்டு இதையேதான் அரைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அவர் மருந்தை விட்டுவிடுவார். மருந்தை விட்டால் எத்தனை மாதம் என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். சொல்லாவிட்டால், போன தடவை காட்டிய ஐம்பத்தாறரை கிலோவுக்குக் கலந்த மருந்து ஐம்பத்திரண்டு கிலோ ஆளின் உடம்பில் இறங்கும். 'சரி' சொல்வதும் நானாகத்தான் இருக்கும். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் பள்ளம். மூன்று முறை நூல் அறுந்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஐஸ்பெட்டி வந்தாள். கை கழுவி, நீல அங்கியும் இரட்டைக் கையுறையும் போட்டு, மேசை மேல் பிளாஸ்டிக் விரிப்பை விரித்தாள். மாஸ்டர் பஞ்சுச் சட்டையோடு எடைக்கருவியில் ஏறி, ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"அம்பத்தாறு. பரவால்லையே மாஸ்டர், போன தடவைக்கு அரைக் கிலோதான் குறைச்சல்." எழுதிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "ஆனா அக்கா, ஒன்னுதான் புரியல. ஒவ்வொரு சுற்றுலயும் வெள்ளை அணு எதிர்பாத்ததைவிட ரொம்பக் கீழ போகுது. டாக்டரம்மா தலையப் பிச்சுக்கறாங்க. இந்த மருந்து இவருக்கு ஒத்துக்கலையோ, நிறுத்திடலாமான்னு யோசிக்கறாங்க."

மாஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினது மாதிரி நின்றார். கத்தவும் முடியாது, சொல்லவும் முடியாது.

அவள் ஊசிக்குழலை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். பெயர். "சரி" என்றேன். பிறந்த தேதி. "சரி." மருந்து. "சரி." அளவு. தாளில் இருப்பதும் சீட்டில் இருப்பதும் ஒன்றுதான். "சரி."

"இன்னைக்கு எடை அம்பத்தாறு."

நான் தாளிலிருந்து கண்ணை எடுத்து அந்தப் பஞ்சுச் சட்டையைப் பார்த்தேன்.

"அக்கா?"

"சரியில்ல" என்றேன்.

ஐஸ்பெட்டி தாளையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்பத்தாறுதானே காட்டிச்சு?"

"காட்டினது அம்பத்தாறுதான். ஏங்க, அந்தச் சட்டையக் கழட்டுங்க."

"குளிருது" என்றார்.

"குளிரட்டும். கழட்டுங்க."

"உனக்கு என்ன ஆச்சு?"

"நீங்க கழட்டறீங்களா, இல்ல நான் கழட்டவா? தச்சவருக்குத்தான் பொத்தான் எங்கன்னு தெரியும்னு நினைக்காதீங்க."

கழற்றினார். நான் அதை வாங்கி எடைக்கருவியின் மேல் வைத்தேன். நாலு கிலோ நூறு கிராம். வெறும் பனியனோடு அவர் ஏறினார். ஐம்பத்தொன்று தொள்ளாயிரம். தோள் எலும்பு இரண்டும் ஹேங்கர் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. அந்த வெளிச்சத்தில் அப்படிப் பார்த்ததே எனக்கு அன்றைக்குத்தான்.

ஐஸ்பெட்டி ஊசிக்குழலைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். சட்டையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டு மாசமா நான் எழுதின எடை எல்லாம் பொய்யா மாஸ்டர்? என் கையெழுத்து இருக்கு அதுல. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் எப்படி... உங்கள நம்பி பாக்கெட்டக்கூட தடவிப் பாத்ததில்லையே நான்!"

அவர் தலை குனிந்திருந்தார். "உன்மேல தப்பில்லம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ராஜாவ நம்பிப் புருஷனக் கைவிட்ட கதையா இருக்கு."

"ஆமா, இருக்கட்டும்" என்றேன். "ஆயுசுல ஒரு நாளாவது தப்பான அளவு குறிச்சிருக்கீங்களா? ஊர்ல எவனுக்காவது? சொந்த உடம்புக்குக் குறிச்சீங்களே!"

அவர் எடைக்கருவியிலிருந்து இறங்கினார்.

ஐஸ்பெட்டி டாக்டரம்மாவைப் போனில் அழைத்தாள், முகம் தெரிகிற மாதிரி. நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள், தன் தவறையும் சேர்த்து. திரையில் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"விதி தெரியுமில்ல உங்களுக்கு? நாளைக்குக் காலைல வார்டுக்கு வந்துடுங்க."

"கையெழுத்துப் போடற பேப்பர எடுத்து வைங்கம்மா" என்றார் மாஸ்டர் மெதுவாக. "மருந்து போதும் எனக்கு."

நான் நர்ஸின் கையிலிருந்து போனை வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய டாக்டரிடம் இப்படிப் பேசலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

"டாக்டரம்மா, ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இவரு வார்டுல இதே சட்டையப் போட்டுக்கிட்டு எடை பாத்திருந்தா யாரு கண்டுபிடிச்சிருப்பா? பதினாலு அம்பத்தாறு கிலோன்னு எழுதிட்டு பதினஞ்சுக்குப் போயிருப்பாங்க. அங்க எத்தன பெரிய படிப்புப் படிச்சவங்க இருந்தாலும் இந்தத் தையல் யாரு கையின்னு சொல்ல ஒருத்தர் இல்ல. நூல் எந்த வாரம் வாங்கினதுன்னு சொல்ல ஒருத்தர் இல்ல. நான் சொன்னேன். கட்டினவரக் காட்டிக் குடுத்துட்டு நிக்கறேன். வீட்டுல ஒரு ஆள் கண்ணா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? இருந்தேன். அதுக்குக் கூலி அவர வார்டுக்குக் கூட்டிட்டுப் போறதுதானா?"

டாக்டரம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்தச் சட்டையக் காட்டுங்க" என்றார். காட்டினேன். இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று சொல்லி உள்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஆபரேஷன் பண்றவங்களுக்குக்கூட இப்படித் தையல் வராது" என்றார். அப்புறம் குரல் மாறியது. "மாஸ்டர், வாயத் திறங்க. நாக்கு."

வாயின் உட்புறமெல்லாம் புண்ணாக இருந்தது. அதையும் அவர் எங்களிடம் சொல்லவில்லை. எதைத் தின்றாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது, எரிகிறது, அதனால் இறங்கவில்லை என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார். சொன்னால் அதையும் ஒரு காரணமாக வைத்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயமாம்.

"இதுக்கு மருந்து இருக்கு, மனுஷா! ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன்." டாக்டரம்மா காய்ச்சல், நேற்றைய ரத்த எண்ணிக்கை எல்லாவற்றையும் ஐஸ்பெட்டியிடம் கேட்டுக்கொண்டார். "அந்த விதிய எழுதினதே நான்தான். பாக்க ஆள் இல்லாத வீட்டுக்காக எழுதினேன். உங்க வீட்டுல ஆள் இருக்கு. இன்னைக்கு வந்த மருந்தத் திருப்பி அனுப்புங்க. சரியான எடைக்குப் புதுசா கலந்து மத்தியானம் வேன்ல வரும், வாய்ப்புண்ணுக்கு மருந்தும் வரும். மூணாம் நாள் நானே நேர்ல வந்து பாக்கறேன். இனிமே வாரா வாரம் எடை பாக்கணும், பனியனோட மட்டும். அத நர்ஸ் எழுத வேணாம். அந்தம்மா எழுதிக் கையெழுத்துப் போடட்டும்."

போன் அணைந்தது. ஐஸ்பெட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, நீங்க எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வந்துடுங்க, பாதிப் பேர் பயந்தே ஒழுங்கா வேல செய்வாங்க" என்றாள்.

மூன்று மணிக்கு வேன் வந்தது. திரும்பவும் அங்கி, கையுறை, விரிப்பு. அவள் படித்தாள். நான் தாளைப் பார்த்தேன். புது அளவு. "சரி." இன்றைய எடை ஐம்பத்தொன்று தொள்ளாயிரம். "சரி!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஊசி முடிந்து அவள் போனதும், மாஸ்டர் கட்டிலில் சாய்ந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச மாட்டார் என்று நினைத்தேன். பதினோரு வருடம் பேசாமல் இருக்கத் தெரிந்தவர் ஆயிற்றே.

"டப்பாவ வச்சா கண்டுபிடிச்ச?" என்றார்.

"ஆமா."

"பள்ளிக்கூடத்துத் திரைய மறந்துட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "உங்க எல்லாரையும் ஏமாத்தறோம்னு மட்டும் நினைச்சிட்டிருந்தேன். ஆனா ஒவ்வொரு தடவையும் அதுல ஏறினதும் நானும் குனிஞ்சு பாப்பேன். அம்பத்தாறுன்னு பாத்ததும், பரவால்ல, தேறிடுவோம்னு தோணும். நான் தச்சதுன்னு தெரிஞ்சே தோணும். இன்னைக்குத்தான் உண்மையப் பாத்தேன். பயமா இருந்துச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையுறை போட்டுக்கொண்டுதான். விதி விதிதான்.

வாய்ப்புண் மருந்து நாலாம் நாளே வேலை செய்தது. அடுத்த நாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சுற்று முடிந்ததும் முன்னறையில் உட்கார்ந்து அந்த எண்பது வில்லையையும் அவரே பிரித்து எடுத்துத் திரையில் தைத்தார். "இத்தன நல்ல தையலப் பிரிக்க மனசே வரல" என்று என்னிடமே அலுத்துக்கொண்டார். எனக்கும் வரவில்லை, ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் ஐம்பத்தொன்று தொள்ளாயிரமே நின்றது. இரண்டாவது வாரமும் அப்படியே. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் எண்ணை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு முன்பு மாதிரி அதலபாதாளத்துக்குப் போகவில்லை என்று டாக்டரம்மா போனில் சொன்னார். மருந்தை நிறுத்துகிற பேச்சே இல்லை, நன்றாகத்தான் வேலை செய்கிறது என்றார்.

மூன்றாவது வாரம் ஐஸ்பெட்டி ரத்தம் எடுக்க வந்திருந்தபோதே எடை பார்த்தோம். மாஸ்டர் பனியனோடு ஏறினார். கருவியின் எண் ஓடி, தயங்கி, நின்றது. ஐம்பத்திரண்டு முந்நூறு.

ஐஸ்பெட்டி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாஸ்டரைப் பார்த்தோம். அவள் குனிந்து கருவிக்கு அடியில் பார்த்தாள். நான் பனியனின் ஓரத்தைத் தடவினேன், எலாஸ்டிக்கைத் தடவினேன், பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டேன். அவர் அளவு கொடுக்க வந்த ஆள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, திமிரோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத் தடவிப் பாரு. நானூறு கிராமும் சொந்தச் சரக்கு."

எனக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணை இன்னொரு முறை பார்த்து, ஐம்பத்திரண்டு முந்நூறு என்று எழுதி, பக்கத்தில் என் முழுப் பெயரையும் போட்டேன்.